ஈரற் புற்றுநோயும் மாஸ்ற் கலங்களும்: ஆய்வொன்றை விளங்கி விடையெழுதல்



விஞ்ஞானம் சார்ந்த பந்தியொன்றைத் தந்து வினாக் கேட்கும்போது, நன்றாகப் படித்தவர்களும் ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. ஒரு பொருள் நோயுற்ற இடத்தில் "காணப்பட்டது" என்று பந்தி கூறும். அதுவே நோய்க்குக் "காரணம்" என்று மாணவர் எழுதிவிடுவர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை ஆய்வாளர் எவ்வாறு கடக்கின்றனர் என்பதை ஈரற் புற்றுநோய் பற்றிய ஆய்வொன்றைக் கொண்டு நோக்குவோம்.

1. ஈரலில் ஏற்படும் புற்றுநோய்கள்

ஈரல் பிரிமென்றகட்டின் கீழே, வயிற்றறையின் வலப்பக்கத்தில் அமைந்துள்ளது. வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் நிறையுடையது. இது சுரக்கும் பித்தம் பித்தக்கான்கள் வழியாகச் சிறுகுடலை அடைகிறது. ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களுள் முக்கியமானவை இரண்டு.

(அ) ஈரற்கலப் புற்றுநோய்: ஈரற் கலங்களில் தோன்றுவது. இதுவே பெரும்பான்மையானது. ஈரலழற்சி பி, சி வைரசுக்கள், மதுபானம், பூஞ்சணம் பிடித்த தானியங்களிலும் நிலக்கடலையிலும் உண்டாகும் அபிளாரொக்சின் நஞ்சு என்பன இதன் காரணிகளுட் சில.

(ஆ) பித்தக்கான் புற்றுநோய்: பித்தக்கானின் உட்சுவர்க் கலங்களில் தோன்றுவது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் இது மிக அதிகம். அங்கு நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் உண்டு. அம்மீன் வழியாக உடலிற் புகும் ஈரற் தட்டைப்புழு பித்தக்கானில் ஆண்டுக்கணக்கில் தங்கி அழற்சியை ஏற்படுத்துகிறது.

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈரற் புற்றுநோயால் இறந்தனர். பித்தக்கான் புற்றுநோய் பெரும்பாலும் பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. கான் அடைபட்டுக் கண்ணும் தோலும் மஞ்சளாகும் வேளையில், பலருக்குச் சத்திரசிகிச்சையால் கட்டியை அகற்றும் காலம் கடந்திருக்கும். எனவே கட்டி எதனால் வளர்கிறது என்ற வினா உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

2. மாஸ்ற் கலம் என்றால் என்ன?

1878 இல் போல் ஏர்லிச் என்னும் ஜேர்மானிய மாணவர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தமது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைச் சமர்ப்பித்தார். இழையங்களுக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, சிறுமணிகள் நிறைந்த ஒருவகைக் கலத்தை அவர் இனங்கண்டார். அது நன்கு உணவூட்டப்பட்ட கலம் எனக் கருதி "மாஸ்ற்" என்று பெயரிட்டார். அந்த ஜேர்மன் சொல் கால்நடைகளுக்குத் தீனியிட்டுக் கொழுக்க வைத்தலைக் குறிக்கும். அச்சிறுமணிகள் உணவல்ல என்பது பின்னரே தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதே ஏர்லிச் 1908 இல் நோபல் பரிசு பெற்றார்.

1953 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் ஜேம்ஸ் றைலி, ஜெப்ரி வெஸ்ற் ஆகியோர் மாஸ்ற் கலத்தில் ஹிஸ்ரமீன் இருப்பதைக் காட்டினர். ஹிஸ்ரமீன் வெளிவிடப்பட்டதும் குருதிக் கலன்கள் விரியும்; அவற்றிலிருந்து திரவம் கசியும்; வீக்கமும் அரிப்பும் உண்டாகும். ஒவ்வாமையின்போது தோல் தடித்துச் சிவப்பது இதனாலேயே.

ஆயினும் மாஸ்ற் கலம் நமக்குத் தொல்லை தரும் கலம் மட்டுமன்று. ஒட்டுண்ணிகளை எதிர்க்க அது உதவுகிறது. பாம்பு நஞ்சின் தாக்கத்தைக் குறைக்கவும் அது உதவுவதாக 2006 இல் எலிகளில் காட்டப்பட்டது. காவலுக்கு நிற்கும் இக்கலம் புற்றுநோய்க் கட்டியின் அருகே நின்று என்ன செய்கிறது?

3. வினா எழுந்த விதம்

புற்றுநோய்க் கட்டிகளைச் சூழ மாஸ்ற் கலங்கள் திரள்வது 1891 இலேயே கவனிக்கப்பட்டது. கவனித்தவர் ஏர்லிச்சின் மாணவரான வெஸ்ற்பால். ஆனால் இந்த அவதானிப்பு மூன்று விளக்கங்களுக்கு இடந்தருகிறது என்பதைக் கவனிக்குக.

• அவை கட்டியை எதிர்க்க வந்திருக்கலாம்.
• அவை கட்டி வளர உதவலாம்.
• அழற்சி காரணமாக வந்து, எதுவும் செய்யாது நிற்கலாம்.

வீடு எரியும் இடத்தில் பலர் கூடி நிற்பர். தண்ணீர் ஊற்ற வந்தவரும் இருப்பர், தீ வைத்தவரும் இருக்கலாம், வேடிக்கை பார்ப்பவரும் இருப்பர். நிற்பதைக் கண்டு மட்டும் எவர் எவரெனத் தீர்மானிக்க முடியாது. அதற்குப் பரிசோதனை வேண்டும்.

4. ஹெதர் பிரான்சிஸ் குழுவினரின் ஆய்வு

அமெரிக்க உயிர்மருத்துவ ஆய்வாளரான ஹெதர் பிரான்சிஸ் டெக்சாஸ் மாநிலத்திலும், பின்னர் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவப் பீடத்திலும் இத்துறையில் ஆய்வு நடத்தியவர். அவரும் குழுவினரும் பித்தக்கான் புற்றுநோயை ஆராய்ந்த முறையைப் படிப்படியாக நோக்குவோம்.

முதற்படி: ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்ரமீனாக மாற்றுவதற்கு ஒரு நொதியம் தேவை. பித்தக்கான் புற்றுநோய்க் கலங்களே இந்நொதியத்தைக் கூடுதலாகக் கொண்டிருந்தன. அதனைத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. இது 2012 இல் வெளியானது. கட்டி வளர்வதில் ஹிஸ்ரமீனுக்குப் பங்குண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

இரண்டாம் படி: மாஸ்ற் கலங்களைக் கட்டியிடம் அழைப்பது எது? மாஸ்ற் கலத்தின் மேற்பரப்பில் சி-கிற் என்னும் வாங்கி உண்டு. அதனுடன் இணையும் புரதம் மூலக்கலக் காரணி எனப்படும். புற்றுநோய்க் கலங்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. பூவின் மணம் தேனீயை ஈர்ப்பதுபோல இப்புரதம் மாஸ்ற் கலத்தை ஈர்க்கிறது. இத்தொடர்பு தடுக்கப்பட்டபோது மாஸ்ற் கலங்களின் நகர்வு குறைந்தது.

மூன்றாம் படி: வந்த கலம் தன் சிறுமணிகளை வெளிவிடாது தடுத்தால் என்ன நிகழும்? இதற்குக் குரோமொலின் சோடியம் என்ற மருந்து பயன்பட்டது. இது முன்னர் ஈழை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட மருந்தாகும். மாஸ்ற் கலம் ஹிஸ்ரமீனை வெளிவிடுவதைத் தடுப்பது. மனிதப் பித்தக்கான் புற்றுநோய்க் கலங்கள் செலுத்தப்பட்ட எலிகளுக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டபோது, மருந்து பெறாத எலிகளைவிட அவற்றின் கட்டிகள் குறைவாகவே வளர்ந்தன. இது 2016 இல் வெளியிடப்பட்டது.

இப்போது முன்னைய மூன்று விளக்கங்களை மீண்டும் பாருங்கள். தடுத்தவுடன் வளர்ச்சி குறைகிறது. ஆகவே இப்பரிசோதனையில் மாஸ்ற் கலம் வேடிக்கை பார்க்கவில்லை. கட்டிக்குத் துணை நின்றது. 1891 இல் "காணப்பட்டது" என்றிருந்த கூற்று, "பங்களிக்கிறது" என்ற கூற்றாக மாறியது இவ்வாறே.

5. முடிவின் எல்லைகள்

எவ்வளவு காட்டப்பட்டதோ அவ்வளவே எழுதுதல் வேண்டும். பின்வருவனவற்றை மனதிற் கொள்க.

• பரிசோதனை நடந்தது எலிகளில். மனிதக் கலங்களை நிராகரிக்காதவாறு அவ்வெலிகளின் நிர்ப்பீடனம் குறைபாடுடையது. நோயாளரில் அதே விளைவு கிடைக்கும் என்று இதிலிருந்து கூறமுடியாது.
• முடிவு பித்தக்கான் புற்றுநோய் பற்றியது. ஈரற்கலப் புற்றுநோய்க்கு அதனை அப்படியே பொருத்தலாகாது.
• வேறு சில புற்றுநோய்களில் மாஸ்ற் கலங்கள் கூடுதலாகக் காணப்பட்ட நோயாளர் நல்ல நிலையில் இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஒரே கலம் இடத்துக்கேற்ப வேறுபடத் தொழிற்படலாம்.
• கட்டியின் வளர்ச்சிக்கு உதவுவது வேறு, கட்டியைத் தோற்றுவிப்பது வேறு. ஆய்வு காட்டியது முன்னையதையே.

ஒவ்வாமை மாத்திரை விழுங்கினால் புற்றுநோய் மாறும் என்று எவரேனும் கூறினால், மேற்கூறிய எல்லைகளை நினைவுபடுத்திப் பாருங்கள். விடைத்தாளில் ஒரு தவறான சொல் சில புள்ளிகளைக் குறைக்கும். நோயாளி இருக்கும் வீட்டிலோ, அத்தகைய சொல் உரிய சிகிச்சையைத் தாமதிக்கச் செய்துவிடும்.

6. பயிற்சி

வினா 1: "கட்டியருகே மாஸ்ற் கலங்கள் காணப்பட்டன. எனவே அவை புற்றுநோயை உண்டாக்கின." இக்கூற்று ஏற்கத்தக்கதா? காரணம் தருக.

மாதிரி விடை: ஏற்கத்தக்கதன்று. அருகில் காணப்படுதல் காரணமாயிருத்தலை நிறுவாது. அவை எதிர்க்க வந்திருக்கலாம், உதவியிருக்கலாம், அல்லது தொழிற்பாடின்றி இருந்திருக்கலாம். தொழிற்பாட்டைத் தடுத்து விளைவை ஒப்பிடும் பரிசோதனை தேவை. அதுவும் வளர்ச்சிக்கு உதவுவதைக் காட்டுமேயன்றி, நோயைத் தோற்றுவித்ததைக் காட்டாது.

வினா 2: மூன்றாம் படியில் மருந்து கொடுக்கப்படாத எலிகளும் தேவைப்பட்டமைக்குக் காரணம் யாது?

வினா 3: இவ்வாய்வின் முடிவை, அதன் எல்லைகளையும் சேர்த்து, இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

இவ்விரு வினாக்களுக்கும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விடையெழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் மீண்டும் வாசியுங்கள். "காணப்பட்டது", "உதவியது", "உண்டாக்கியது" ஆகிய மூன்றும் தத்தமக்குரிய இடத்தில் நிற்குமாயின் பந்தியைச் சரிவர விளங்கிக்கொண்டீர்கள் எனலாம்.