செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இணைய நாட்காட்டியுடன் இணைத்தல்

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இணைய நாட்காட்டியுடன் இணைத்தல் என்பது, நாம் பேச்சு வழக்கில் கேட்பதைக் கொண்டு நம் நாட்காட்டியில் நிகழ்வுகளைத் தேடவும், சேர்க்கவும், மாற்றவும் ஒரு மென்பொருளுக்கு வழிசெய்வதாகும். கூகுள் காலண்டர், மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் போன்ற சேவைகளில் இது இயலும். எவ்வளவு அனுமதி தருகிறோம், முடிவை யார் சரிபார்க்கிறார் என்ற இரண்டையும் பொறுத்தே இதன் பயனும் பாதுகாப்பும் அமைகின்றன.

செயல்படும் முறை

உதவியாளருக்குள் இருக்கும் மொழி மாதிரி நாட்காட்டியை நேரடியாகத் தொடுவதில்லை. "செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குக் கணித வகுப்பைச் சேர்" என்று கேட்டால், தலைப்பு, தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவற்றை ஒரு கோரிக்கையாக வடிவமைத்துத் தருகிறது. அதைச் சுற்றியுள்ள மென்பொருள், ஏபிஐ எனப்படும் நிரலாக்க இடைமுகத்தின் வழியாக அக்கோரிக்கையை நாட்காட்டிச் சேவைக்கு அனுப்புகிறது. சேவை நிகழ்வைப் பதிந்து, அதற்குரிய அடையாளக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும்.

இடையில் ஏதேனும் தடைபட்டாலும் உதவியாளர் "சேர்த்துவிட்டேன்" என்று சொல்லக்கூடும். ஆகவே அதன் சொல்லை மட்டும் நம்பாமல், நாட்காட்டியைத் திறந்து பதிவைப் பார்ப்பதே சரியான சோதனை.

அனுமதி

இணைப்புக்கு நம் கடவுச்சொல்லை உதவியாளரிடம் தரத் தேவையில்லை, தரவும் கூடாது. 2012இல் வெளியான ஓஆத் 2.0 என்னும் நெறிமுறை இதற்குப் பயன்படுகிறது. நாட்காட்டிச் சேவையின் சொந்தப் பக்கத்தில் நுழைந்து நாம் ஒப்புதல் தந்தால், சேவை உதவியாளருக்கு ஒரு டோக்கனை வழங்கும். இது சாவிக்கொத்தை முழுவதும் தராமல், ஓர் அறையின் சாவியை மட்டும் கொடுப்பது போன்றது.

பொதுவாக அனுமதி மூன்று நிலைகளில் அமையும்:

1. எந்த நேரம் காலியாக உள்ளது என்பதை மட்டும் அறிதல்
2. நிகழ்வுகளின் விவரங்களைப் படித்தல்
3. நிகழ்வுகளைச் சேர்த்தல், திருத்தல், நீக்குதல்

கூட்டத்திற்கு நேரம் தேட மட்டும் என்றால் முதல் நிலையே போதும். மருத்துவரைச் சந்திக்கும் நாள், வங்கி வேலை, உடன் வருவோரின் மின்னஞ்சல் முகவரி எனப் பல செய்திகள் நாட்காட்டியில் இருப்பதால், தேவைக்கு மேல் அனுமதி தருவது நல்லதல்ல.

நேரக் குழப்பங்கள்

மொழி மாதிரிக்குள் கடிகாரம் கிடையாது. இன்றைய தேதியை மென்பொருள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். "அடுத்த வெள்ளி" என்பது இந்த வாரமா, அடுத்த வாரமா என்ற ஐயம் மனிதர்களுக்கே வருகிறது. தேதியையும் மாதத்தையும் சொல்லிவிட்டால் இச்சிக்கல் இல்லை.

நேர மண்டலமும் முக்கியமானது. சென்னையில் மாலை 5:30 மணி என்பது குளிர்காலத்தில் லண்டனில் நண்பகல் 12 மணி; கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதால் பிற்பகல் 1 மணி. வாரந்தோறும் நடக்கும் இணைய வகுப்புக்கு எந்த ஊரின் நேரம் அடிப்படை என்பதைக் குறிப்பிடாவிட்டால், மார்ச், அக்டோபர் இறுதியில் ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவார்.

அழைப்பிதழ் வழியே வரும் ஆபத்து

நம் நாட்காட்டிக்குப் பிறரும் அழைப்பு அனுப்பலாம். அதன் தலைப்பிலோ குறிப்பிலோ உதவியாளருக்கான கட்டளையை ஒருவர் ஒளித்து வைத்தால், அது நாம் இட்ட கட்டளை என்று உதவியாளர் எடுத்துக்கொள்ளக்கூடும். கூகுளின் ஜெமினியை இவ்வாறு ஏமாற்ற முடிந்ததை 2025இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினர். நீக்குதல், பிறருக்கு அழைப்பு அனுப்புதல் போன்ற செயல்களுக்கு முன் நம்மிடம் கேட்கும்படி அமைத்துக்கொள்வது இத்தீங்கைக் குறைக்கும். அறியாதவர்களின் அழைப்புகள் தானாகச் சேராதவாறும் அமைப்புகளில் மாற்றலாம்.

இணைப்பை நீக்குதல்

உதவியாளரைப் பயன்படுத்தாமல் விட்டாலும், செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தாலும் அனுமதி தானாக முடிந்துவிடாது. நாட்காட்டிக் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், அணுகல் பெற்ற செயலிகளின் பட்டியல் இருக்கும். அதில் உதவியாளரின் பெயரைத் தேர்ந்து அணுகலை நீக்க வேண்டும். அதன்பின் நாட்காட்டியைப் படிக்க இயலாது; ஆயினும் முன்பே சேர்த்த நிகழ்வுகள் அப்படியே இருக்கும்.