காவலரின் இடுப்பில் எந்தத் துப்பாக்கி?

1982 மே 19 அன்று சென்னை பாண்டி பசாரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இலங்கைத் தமிழ்ப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் அங்கே எதிரெதிரே வந்துவிட்டதன் விளைவு அது. துணிக் கடைகளும் நடைபாதைக் கடைகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய இடத்திற்கு விரையும் காவல் அதிகாரியின் துப்பாக்கி, சுடவேண்டிய நொடியில் சுடவேண்டும். மற்ற நேரத்தில் தவறியும் வெடிக்கக்கூடாது.

நம் காவல்துறையினர் நெடுங்காலம் வைத்திருந்தது புள்ளி 38 ரிவால்வர். இதில் ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழலும். ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும். அடுத்த அறை தானே முன்னால் வந்து நிற்கும். இந்த எளிமைதான் அதன் பெருமை. ஆனால் ஆறு முடிந்தால் மீண்டும் நிரப்ப நேரமாகும்.

பிஸ்டல் வேறு வகை. தோட்டா வெடிக்கும்போது ஏற்படும் பின்னுதைப்பே அதை இயக்குகிறது. மேலுறை பின்னால் ஓடும். வெற்று உறையைக் கொக்கி பிடித்திழுத்து வெளியே எறியும். சுருள்வில் மேலுறையை முன்னால் தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலில் செருகும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். எங்கே தடங்கல் வரும் என்கிறீர்களா? பெரும்பாலும் மேகசினில்தான்! அதன் தகட்டு விளிம்பு சற்றே நசுங்கினாலும், உள்ளிருக்கும் வில் தளர்ந்தாலும் தோட்டா கோணலாக ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

சரி, 300 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுவிட்ட பிஸ்டலை நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஒரு முறை சிக்கும் பிஸ்டல்கூட 300 முறை சிக்காமல் சுட வாய்ப்புண்டு. 0.99 என்பதை 300 தடவை பெருக்கினால் சுமார் 0.05 வரும், அதாவது இருபதில் ஒரு வாய்ப்பு. ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சிக்காது என்று அதே அளவு உறுதியுடன் சொல்ல 3,000 தோட்டாக்களைப் பிழையின்றிச் சுடவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்பது அற்பம் என்று நினைக்காதீர்கள். பத்து தோட்டா சுடும் நெருக்கடியில், ஏறக்குறைய பத்து அதிகாரிகளில் ஒருவரின் துப்பாக்கி நடுவில் நின்றுவிடும் என்பதே அதன் பொருள்.

சோதனைக் கூடத்தில் இல்லாத ஒரு பகைவன் சென்னையில் உண்டு: கடற்காற்று. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்று பாருங்கள். காற்றிலுள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது. காவல்துறைத் தலைமையகமே மெரினாவின் ஓரத்தில்தான் இருக்கிறது! போதாக்குறைக்கு, இடுப்பு வியர்வையிலும் உப்புதான்.

இந்தியாவில் இச்சாப்பூர்த் தொழிற்சாலை செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், பெல்ஜியத்தில் 1935இல் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர் வழிவந்தது. 13 தோட்டா கொள்ளும். முதல் தோட்டாவைச் சுடுமுன் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருக்கவேண்டும். பாதுகாப்புப் பூட்டையும் விரலால் நீக்கவேண்டும். பதற்றத்தில் இதை மறப்பவர் உண்டு. தேசியப் பாதுகாப்புப் படை வைத்திருக்கும் ஆஸ்திரிய கிளாக் 17இல் தனிப் பூட்டு கிடையாது. விசையிலேயே பாதுகாப்பு அமைந்துள்ளது. அடிச்சட்டம் பிளாஸ்டிக் வகையாதலால் அந்தப் பகுதி துருவை அறியாது. ஆனால் விரலை விசையில் வைத்துவிட்டால் தடுக்க வேறொன்றுமில்லை. ஆகவே பயிற்சி குறைந்த கையில் இதை எளிதில் கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

வேகத்தையும் கவனியுங்கள். பழைய 38 தோட்டாவின் ஆற்றல் சுமார் 200 ஜூல், 9 மி.மீ. தோட்டாவினுடையது சுமார் 500 ஜூல். செப்புறை போர்த்த 9 மி.மீ. குண்டு குற்றவாளியைத் துளைத்து, பின்னால் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவரையும் தாக்கக்கூடும். எனவே துப்பாக்கியோடு குண்டின் வகையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

பராமரிப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. துருவுக்கு அஞ்சி எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், அது தோட்டாவின் அடியிலுள்ள வெடிமருந்துக் குப்பிக்குள் கசிந்து அதையே செயலிழக்கச் செய்யலாம். மேலும் தூசியை இழுத்துப் பிசுக்காக்கும். மெல்லிய படலமாகப் பூசித் துணியால் துடைத்தால் போதும். தோட்டாக்களின் மேல் எண்ணெய் படவே கூடாது.