சேனல் 4-ல யாரு இருக்கா?

இந்த எபிசோடை மேலநீலிதநல்லூர்ல, எங்க ஆச்சி வீட்டு மச்சுல உக்காந்து பதிவு பண்றேன். நடுவுல சேவல் கூவுனா கண்டுக்காதீங்க.

போன வாரம் நானும் சித்தி பையனும் டிசிஎஸ் விளையாடினோம். நான் சென்னையில, அவன் இங்க. ஆளுக்கொரு எஃப்/ஏ-18 ஹார்னெட். திடீர்னு என் விமானம் வெடிச்சு கருங்கடல்ல விழுந்துடுச்சு. உடனே போன் பண்ணினான்: "ஏண்ணே, மிசைல் வருதுன்னு நாலு தடவ கத்துனேன், காதுல விழலையா?"

விழலை. காரணம் என் விரல்தான். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நாங்க பேசறதுக்கு எஸ்ஆர்எஸ்னு ஒரு இலவச மென்பொருள் பயன்படுத்துறோம். காக்பிட்ல உங்க ரேடியோ எந்த அலைவரிசையில இருக்கோ, அதுல இருக்கறவங்க குரல் மட்டும்தான் கேக்கும். ஏஎம், எஃப்எம் மாறியிருந்தாலும் கேக்காது. நிஜ ரேடியோ மாதிரியேதான்.

ஹார்னெட்ல ரெண்டு ரேடியோ. முன்பலகையில ரெண்டுக்கும் தனித்தனிக் குமிழ். திருப்பினா 1-லேர்ந்து 20 வரைக்கும் வரும். இதுதான் ப்ரீசெட் சேனல். அதைத் தாண்டினா 'ஜி', அதாவது கார்டு, 243 மெகாஹெர்ட்ஸ், ராணுவ அவசர அலைவரிசை. 'எம்' வந்தா மேனுவல், நாமளே எண்ணை அடிக்கலாம்.

ப்ரீசெட்னா என்ன? எங்க தாத்தா ரேடியோவுல திருநெல்வேலி நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ் வர்ற இடத்துல நெயில் பாலிஷால ஒரு பொட்டு வெச்சிருப்பார். முள்ளு அங்க வந்தா போதும், எண் தெரிய வேண்டாம். ப்ரீசெட்டும் அந்தப் பொட்டுதான்.

ஆனா அந்தப் பொட்டு அந்த ஒரு ரேடியோவுக்கு மட்டும்தான் செல்லும். உங்க போன்ல 'அம்மா'ன்னு இருக்கற நம்பரும் என் போன்ல 'அம்மா'ன்னு இருக்கற நம்பரும் ஒண்ணா? அதே மாதிரிதான் சேனல் 4-ம். மிஷனை உருவாக்குறவர் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியா இந்தப் பட்டியலை நிரப்பலாம். ரெண்டு பேரும் 4-ல இருந்தும் வேற வேற அலைவரிசையில இருக்க முடியும்.

நான் பண்ணின தப்பு இதைவிடச் சின்னது. கிளம்பறதுக்கு முன்னாடி பதுமி விமானதள டவரைக் கூப்பிட 260 மெகாஹெர்ட்ஸ் வேணும். குமிழை 'எம்'முக்குத் திருப்பி, வெளிய இழுத்து, எண்ணை அடிச்சு என்டர் தட்டணும். நான் குமிழ் 4-ல இருக்கும்போதே அடிச்சுட்டேன். அந்த மிஷன் முடியற வரைக்கும் என் சேனல் 4-னா அது டவர்தான். அப்புறம் தம்பி "4-க்கு வாங்கண்ணே"ன்னான். நானும் வந்துட்டேன். திரையில 4-னுதான் காட்டுச்சு.

விளையாட்டுன்னா மறுபடி ஏறிக்கலாம். 2019 பிப்ரவரி 27-ல விங் கமாண்டர் அபிநந்தனோட மிக்-21 சுட்டு வீழ்த்தப்பட்டுச்சு. திரும்பச் சொன்ன கட்டளை, ரேடியோ ஜாமிங்னால அவருக்குப் போய்ச் சேரலைன்னு பத்திரிகைகள் எழுதுச்சு. அங்க வழியை அடைச்சது எதிரின்னு செய்தி. இங்க அடைச்சது நானே.

அதனால இப்ப எங்க பழக்கம் இதுதான். கிளம்பறதுக்கு முன்னாடி சேனல் எண்ணோட அலைவரிசையையும் வாய்விட்டுச் சொல்லுவோம்: "சேனல் 4, 305." ரெண்டு ரேடியோவுலயும் ஒருமுறை கூப்பிட்டு, பதில் வந்தாதான் ஓடுபாதைக்கே போவோம். ரேடியோவுக்கு ஒண்ணா பேசற பட்டனும் ரெண்டு, அதையும் மாத்தி அமுக்காதீங்க. பதில் வரலைன்னா குமிழை இழுத்து எண்ணைப் பாருங்க. சேனல் எண்ணை நம்பாதீங்க.

முழுசா அரை நிமிஷ வேலை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!