லேத்துக்கு பெயிண்ட்: ஹார்டனரும் தனி நிறமும்

பழைய லேத்தோ ட்ரில்லிங் மெஷினோ வாங்கிச் சரிபண்ணுகிற நண்பர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். எனாமலில் ஹார்டனர் கலக்கலாமா? பழைய பச்சையை அப்படியே கொண்டுவர முடியுமா? இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்யணும் என்பது என் கட்சி.

சாதாரண சிந்தடிக் எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் தின்னர் ஆவியாகும். சில மணி நேரத்தில் தொட்டால் கையில் ஒட்டாது. அதன் பிறகு, பெயிண்டிலுள்ள எண்ணெய்ப் பகுதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். முழுசா இறுக வாரக்கணக்கில் ஆகும். பட்டறையில் யார் அவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? மூணாம் நாளே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். கூலன்டும் எண்ணெயும் பட்டு, சூடான இரும்புச் சுருள் விழுந்து, சிப் ட்ரே ஓரமாக பெயிண்ட் மெத்தென்று ஆகி உரியத் தொடங்கும்.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். எனாமல் ரெசினில் உள்ள ஹைட்ராக்சில் பகுதிகளைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னிவிடும். அதனால் பெயிண்ட் சீக்கிரம் கெட்டியாகும், பளபளப்பு கூடும், எண்ணெயையும் தின்னரையும் நன்றாகத் தாங்கும். அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மேல் இரண்டாம் கோட் அடித்தால் சில சமயம் சுருங்கிக்கொள்ளுமே, அந்தத் தொல்லையும் குறையும். பதிலுக்கு ஒரு விலை உண்டு. கலந்த பெயிண்ட் சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தை டின்னில் திருப்பி ஊற்றக்கூடாது. கண்ணளவும் உதவாது. டின்னில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்தே கலக்கணும். ஹார்டனர் டப்பாவை உடனே இறுக மூடி வையுங்கள், காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

இனி நிறம். வெளிப்பக்கம் எண்ணெய்க் கறையிலும் வெயிலிலும் மாறிப்போயிருக்கும். நேம் பிளேட்டுக்குப் பின்னால், கதவின் உட்புறத்தில் பாருங்கள். அசல் நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும். துடைத்துவிட்டு ஷேடு கார்டோடு ஒப்பிடலாம். 1927இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கிய ரால் வரிசையில், 6011 என்ற பச்சை மெஷின்களில் ரொம்பப் பழக்கமானது. நம்ம ஊர் ஐஎஸ் 5 வரிசையில் 631 லைட் கிரே, 632 டார்க் அட்மிரல்டி கிரே. எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில்தான் சிக்கல். கடையில் எண்ணைச் சொன்னதும் வெள்ளை பேஸில் டின்டிங் மெஷின் சாயத்தை ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பார்கள். எல்லா பெயிண்டுக்கும் பொதுவான அந்தச் சாயங்கள் பலவற்றில் கிளைக்கால் இருக்கும். கிளைக்காலிலும் ஹைட்ராக்சில் உண்டு. ஆக, நாம் காசு கொடுத்து வாங்கிய ஹார்டனரில் ஒரு பங்கை ரெசினுக்கு முன்னால் சாயம் தின்றுவிடும். வெளிர் சாம்பலுக்குச் சாயம் கொஞ்சம்தான் போகும், பெரிசாகத் தெரியாது. அடர் பச்சைக்கு நிறைய போகும். நிறம் அச்சாக அமைந்து, பெயிண்ட் மட்டும் இறுகாமல் நிற்கும்.

அதனால், "இதில் ஹார்டனர் கலக்கப்போகிறேன்" என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள். கிளைக்கால் இல்லாத சாயத்தில் கலந்து தர முடியாதென்றால், வண்டி பெயிண்ட் கடையில் 2கே பியூவாகவே அந்த நிறத்தைக் கலந்து வாங்கலாம். ஆனால் பழைய எனாமல் மேல் பியூ அடித்தால், அதன் தின்னர் அடிக் கோட்டைத் தூக்கிவிடலாம். அங்கே இரும்பு வரை சுரண்டி ப்ரைமர் வைத்துத்தான் தொடங்கணும். எதுவானாலும் ஒரு தகரத் துண்டில் அடித்து, ஒரு வாரம் கழித்து தின்னர் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் நன்றாக ஏறினால் அந்தக் கலவை லேத்துக்கு வேண்டாம்.

கடைசியாக மூச்சு. 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பம்தான். ஹார்டனரில் இருப்பது அதைவிடக் கனமான மூலக்கூறு, அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே கன் அதைப் பொடித்துளியாக்கி நெஞ்சுக்குள் அனுப்பிவிடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளியூண்டு பட்டாலும் இழுப்பு வரும். வாசனையை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இதற்குப் பிரயோஜனமில்லை. ஸ்ப்ரே செய்வதென்றால் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க் வேண்டும்.

அது இல்லாத பட்டறையில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பிரஷ், திறந்த இடம், கையுறை, ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், இவை இருந்தால் ட்ரே, சேடில், ஹெட்ஸ்டாக் என்று கூலன்ட் படும் இடங்களுக்கு மட்டும் ஹார்டனர் கலந்து அடியுங்கள். ஸ்டாண்டுக்கும் மோட்டார் மூடிக்கும் அதே டின் எனாமலே போதும். பெயிண்ட் அடிப்பது வேலைக்கு வந்த சின்னப் பையன், மாஸ்க் எதுவும் இல்லை என்றால் ஹார்டனரே வேண்டாம். வெறும் எனாமலை அடித்து மெஷினைச் சில வாரம் சும்மா விடுங்கள். உரிந்த பெயிண்டை அடுத்த வருஷமும் அடித்துக்கொள்ளலாம்.