நாலு வழியில் எத்தனை உயிரோட இருக்கு?

சர்வரில் டிஸ்க் வேலை செய்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அந்த டிஸ்க்குக்குப் போகும் வழிகள் எத்தனை மிச்சம் இருக்கு என்று பார்ப்பவர்கள் குறைவு. லினக்ஸ் மல்டிபாத் பற்றிய இந்தக் குறிப்பு அதற்காகத்தான்.

வழக்கமான அமைப்பு இதுதான். ஸ்டோரேஜ் தனிப் பெட்டி. சர்வரில் 2 ஃபைபர் சேனல் கார்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலிருந்தும் ஸ்டோரேஜின் 2 கன்ட்ரோலருக்கும் இணைப்பு. ஆக 4 வழி. கெர்னல் இதை எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நாலு டிஸ்க்காகவே காட்டும். ஒரே ஆள் நாலு வாசல்லயும் தலையை நீட்டினா நாலு பேர்னு எண்ற மாதிரி. மல்டிபாத் ஒவ்வொன்றிடமும் அடையாள எண்ணைக் கேட்டு, எண் ஒன்றாக இருந்தால் நாலையும் ஒரே சாதனமாகக் கட்டிவிடும். நாம் மவுன்ட் செய்ய வேண்டியது அதைத்தான்.

பின்னணியில் மல்டிபாத்-டி என்ற டீமன் ஒவ்வொரு வழியையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இயல்பு அமைப்பில் 5 விநாடிக்கு ஒரு முறை. வழி நன்றாக இருந்தால் இடைவெளி கூடி 20 விநாடி வரை போகும். ஒரு வழி செத்தால் மற்றதற்கு மாற்றிவிடும். அப்ளிகேஷனுக்குத் தெரியவே தெரியாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில், ஒரு சர்வரின் முதல் கார்டுக்குப் போகும் கேபிள் பழுதாகி 2 வழி போய்விட்டது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்து, 'ரெண்டு ஸ்விட்ச் இருக்கே, ஒண்ணை ரீஸ்டார்ட் பண்ணா என்ன' என்று ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காக இரண்டாவது ஸ்விட்ச்சை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்த 2 வழியும் போச்சு.

கண்காணிப்பு இல்லாமல் இல்லை. 'ஃபெயில்ட்' என்று காட்டும் வழிகளை எண்ணும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இடையில் சர்வர் ரீபூட் ஆகியிருந்தது. பூட் ஆகும்போதே செத்துக் கிடக்கும் வழி பட்டியலுக்குள்ளேயே வராது, அப்புறம் எப்படி ஃபெயில்ட் என்று காட்டும்? ஸ்கிரிப்ட் தினமும் 0 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் எண்ண வேண்டியது செத்ததை இல்லை, உயிரோடு இருப்பதை. 'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆக்டிவ் வழி எத்தனை என்று எண்ணி, இருக்க வேண்டிய 4-உடன் ஒப்பிடுங்கள். குறைந்தால் அலாரம்.

அன்று டேட்டாபேஸ் பிழை காட்டி நிற்கவில்லை, அப்படியே உறைந்துவிட்டது. 'நோ பாத் ரீட்ரை' என்ற அமைப்பில் 'க்யூ' என்று இருந்ததுதான் காரணம். ஒரு வழியும் இல்லையென்றால், வழி திரும்பும்வரை வரும் வேலையையெல்லாம் வரிசையில் நிறுத்தி வை என்று அதற்கு அர்த்தம். காத்திருக்கும் ப்ராசஸ் 'டி' நிலைக்குப் போகும். கில் -9 கொடுத்தாலும் அசையாது. சிபியு சும்மா இருக்கும், லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். க்ளஸ்டராக இருந்தால் இன்னும் மோசம். இந்த நோடு பிழையே சொல்லாததால், அடுத்த நோடு பொறுப்பெடுக்கத் தாமதமாகலாம்.

என் தேர்வு க்யூ இல்லை, ஒரு எண். 5 விநாடி இடைவெளிக்கு 12 என்று கொடுத்தால் ஏறக்குறைய 1 நிமிடம் பொறுக்கும், பிறகு பிழையைத் திருப்பிவிடும். கன்ட்ரோலர் மாறும் சின்ன இடைவெளிக்கு அது பெரும்பாலும் போதும். உங்கள் ஸ்டோரேஜ் தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வையுங்கள்.

மொத்த எண்ணிக்கையோடு கார்டு வாரியாகவும் பாருங்கள். 2 வழி இருக்கு என்பது மட்டும் போதாது. இரண்டும் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போனால் அது ஒரு வழிதான். ஸ்விட்ச்சைத் தொடுவதற்கு முன், அதில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு சர்வரிலும் இதைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.