செய்மதி இணையமும் ஒரு சாம்பல்தீவு வீடும்



திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதி வழியாக வடக்கே செல்வோர், உப்புவெளியைத் தாண்டி நிலாவெளியை அடையுமுன் சாம்பல்தீவைக் கடந்தே செல்வர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, எங்கும் பனையும் தென்னையும். அவ்வூரில், பெருவீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையின் கோடியில் என் தமக்கையார் வசிக்கிறார். அவருடைய மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கிறாள். மாலை வேளைகளில் இணையத்தின் வாயிலாக நடைபெறும் வகுப்பு அவளுக்குப் பெருந்துணை. ஆனால் ஒழுங்கையின் கோடிக்குக் கைத்தொலைபேசியின் அலை மெலிந்தே வரும். இரவு ஏழு மணிக்கு ஊரார் யாவரும் தத்தம் தொலைபேசியைக் கையில் எடுத்ததும் அந்த மெலிந்த அலையும் ஓய்ந்துவிடும். பிள்ளை கொப்பியையும் தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முகப்பிலுள்ள மதிலடிக்குப் போய், நுளம்புக்கடியோடு பாடம் கேட்பாள்.

2024ஆம் ஆண்டில் நம் நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு உரிமம் வழங்கப்பட்டது. 2025 யூலை 2ஆந் திகதி அதன் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கிற்று. செய்தி சாம்பல்தீவுக்கும் எட்டியது. அதன் பின்னர் ஒருநாள் தமக்கையார் என்னை அழைத்துக் கேட்டார்: “தம்பி, வளையலை அடைவு வைத்தால் காசு வரும். வைத்து வாங்கின பிறகு அந்தத் தட்டு மழைக்கு வேலை செய்யாது, மரத்துக்கு வேலை செய்யாது என்றால் நான் ஆரிடம் போய்ச் சொல்ல?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் எண்ணத்திற்கும் திருகோணமலைக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது ஒரு நாளில் ஒருமுறை பூமியைச் சுற்றும். பூமியும் அதே வேளையில் தன்னைத் தானே சுற்றுவதால், கீழிருந்து பார்ப்போருக்கு அது அசையாது நிற்பதாகவே தோன்றும். அத்தகைய மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அவர் காட்டினார். அவற்றில் மனிதர் தங்கி வேலை செய்வர் என்றே அன்று அவர் எண்ணினார் என்பது ஒரு வேடிக்கை. இதே கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார்.

அவர் கூறிய முறை பின்னர் உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டது. 1975, 76ஆம் ஆண்டுகளில் இந்தியா, அமெரிக்கச் செய்மதி ஒன்றின் உதவியோடு 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையினால் செய்த பெரிய தட்டுகள் அங்கே பயன்பட்டன. கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர் ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தனர். நம் கூரைகளில் தொலைக்காட்சிக்காகப் பொருத்தப்பட்டுள்ள தட்டுகள் யாவும் இந்த வழியில் வந்தவையே.

தொலைக்காட்சிக்கு இது போதும். உரையாடலுக்கோ ஒரு குறை உண்டு. மின்காந்த அலை ஒரு விநாடியில் ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்லும். 36,000 கிலோமீற்றர் ஏறி, மீண்டும் அவ்வளவு தூரம் இறங்க அதற்குக் கால் விநாடி வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டு ஆசிரியரின் பதில் வர அரை விநாடி. அரை விநாடி சிறிதன்றோ எனலாம். ஆனால் பதில் வரவில்லையென்று பிள்ளை மீண்டும் பேசத் தொடங்க, அதே வேளையில் ஆசிரியரின் குரல் வந்து சேர, இருவரும் நிறுத்தி, இருவரும் மறுபடி தொடங்கும் இடர்ப்பாட்டைப் பழைய காலத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி பேசியவர்கள் நன்கு அறிவார்கள்.

புதிய முறையில் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுகின்றன. அலை ஏறி இறங்கும் நேரம் பொருட்படுத்தத் தக்கதன்று. இடையிலுள்ள நிலையங்களின் வேலையையும் சேர்த்தால்கூடக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு அளவே செல்லும். ஆனால் தாழ்ந்து சுற்றுவது விரைந்து சுற்றவேண்டும். மணிக்கு ஏறத்தாழ 27,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேலாக ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும். சாம்பல்தீவு வானில் ஒரு செய்மதி சில நிமிடங்களே தங்கும். அது மறையுமுன் மற்றொன்று வரவேண்டும். ஆகவேதான் மூன்று போதும் என்ற கணக்கு மாறி, 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்த ஒரு நிறுவனத்தின் செய்மதிகளே 7,000க்கும் மேற்பட்டிருந்தன.

ஓடும் செய்மதியை வீட்டுக் கூரையிலுள்ள தட்டு எவ்வாறு பின்தொடர்கிறது? அது கழுத்தைத் திருப்புவதில்லை. அந்தத் தட்டையான பலகையுள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிற்றலைவாங்கிகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரு வடங்களையும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நேரே செல்லும். ஒரு பக்கத்தார் கணநேரம் முந்தி இழுத்தால் தேர் மற்றப் பக்கம் திரும்பும். அவ்வாறே ஒரு பக்கத்துச் சிற்றலைவாங்கிகள் மிகச் சிறிது முந்தியும் மறுபக்கத்தவை பிந்தியும் அலையை விடுத்தால், பலகை அசையாமலே அலை திரும்புகிறது. ஒரு செய்மதியை விட்டு மற்றொன்றைப் பிடிப்பதும் இவ்விதமே.

இனித் தமக்கையாரின் மரத்துக்கு வருவோம். இந்தத் தட்டுக்கு ஒரு புள்ளி வானம் போதாது. பெரிய அகன்ற கூம்பு வடிவில் திறந்த வானம் வேண்டும். மேலும் கிளார்க் சொன்ன அந்த அசையாச் செய்மதிகளின் வரிசை, பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில், உச்சிக்குச் சற்றுத் தெற்கே கிழக்கு மேற்காகச் செல்கிறது. தாழ்ந்த செய்மதிகள் அவ்வரிசைக்கு இடையூறு செய்யலாகாது என்பது சர்வதேச விதி. ஆதலால் திருகோணமலையில் தட்டு பெரும்பாலும் வடக்கு வானத்தையே நாடும். அன்றியும் இச்செய்மதிகள் ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளின் வானில் கூடிய நெருக்கமாகச் செல்கின்றன. நம் வானில் ஐதாகவே உள்ளன. ஒன்று மரத்தின் பின் மறைந்தால் ஈடு செய்ய வேறொன்று அங்கே இல்லாமலும் போகலாம்.

தமக்கையாரின் வளவில் வடக்கு எல்லையிலேதான் தென்னைகள் நின்றன. அவற்றுள் இரண்டை எங்கள் அம்மா நட்டார். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது வேலி போயிற்று, கிணறு உப்பாயிற்று. அவை இரண்டும் நின்றன. தட்டை முதலில் முன்கூரையில் வைத்தோம். வகுப்பு நடக்கும், சில நிமிடங்களில் சில விநாடிகள் அறும், மீண்டும் வரும். ஓலை காற்றுக்கு அசையுந்தோறும் இப்படி. மரத்தைத் தறிக்க ஆள் பிடிக்கலாம் என்று அயலவர் ஒருவர் சொன்னார். தமக்கையார் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, “வேறு வழி பார்” என்றார்.

வேறு வழி தண்ணீர்த் தாங்கியில் இருந்தது. கிணற்றடியில், மரங்களுக்கு அப்பால், தாங்கி நிற்கும் சீமெந்துத் தூண்களின் மேல் ஒரு நீண்ட இரும்புக் குழாயைப் பூட்டி அதன் நுனியில் தட்டை வைத்தோம். உப்புக்காற்று ஆணிகளைத் தின்னாதிருக்கத் துருப்பிடிக்காத ஆணிகள். இடிமின்னலுக்காகக் குழாயிலிருந்து நிலத்துக்கு ஒரு செப்புக் கம்பி. இதற்குச் செலவு சொற்பமன்று. ஆயினும் அறுதல் ஏறத்தாழ நின்றது. வாங்க எண்ணுவோருக்கு நான் சொல்வது இதுதான்: பணம் கட்டுமுன், தட்டு வைக்க நினைத்த அதே இடத்தில் ஏறி நின்று, கைத்தொலைபேசியிலுள்ள அந்நிறுவனத்தின் செயலியால் வானத்தைப் படம்பிடித்துப் பாருங்கள். எந்த மரம் எவ்வளவு மறைக்கும் என்பதை அது காட்டும். நாங்கள் அதை முற்றத்தில் நின்று பார்த்தோம். கூரையிலும் அப்படியேதான் இருக்கும் என்று எண்ணியது என் பிழை.

மழையைப் பற்றிய கேள்விக்கு விடை இது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். மழைத்துளிகள் அத்தகைய அலையை ஓரளவு உறிஞ்சும், சிதறடிக்கும். தூறலுக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் கறுத்துத் திரண்டு கொட்டும் பெருமழையில் சில நிமிடங்கள் அறுவதுண்டு. கரும்புயல் முகில் நகர்ந்ததும் திரும்பிவிடும்.

மின்சாரத்தைப் பலர் எண்ணுவதில்லை. தட்டு ஏறத்தாழ 75 வாற்று உண்ணும் என்று கொள்வோம். இரவும் பகலும் எரிந்தால் நாளொன்றுக்கு 1.8 அலகு, மாதத்திற்கு 54 அலகு. நம் நாட்டில் அலகு கூடக்கூடக் கட்டணப் படியும் ஏறும். மாதம் 60 அலகோடு நின்ற குடும்பம் திடீரென 110ஐத் தாண்டினால், முன்பு செலவழித்த அலகுகளுக்கும் கூடிய விலையே கொடுக்கவேண்டி வரும். தேவையற்ற வேளையில் அணைத்து வைத்தலே இதற்கு மருந்து.

புயற் காலத்திற்கு இது உதவுமா? 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. சாம்பல்தீவார் அந்த இரவை மறக்கமாட்டார்கள். தரையிலே கம்பம் சாய்ந்தாலும் வானத்துச் செய்மதி சாயாது, அது உண்மை. ஆனால் மின்சாரம் போனால் தட்டும் உறங்கும். மின்கலமும், அதற்கேற்ற சூரியப் பலகையும் உள்ள வீட்டிலேதான் அது புயலுக்குப் பின் பேசும். பெருங்காற்று வருமுன் தட்டைக் கழற்றி உள்ளே வைப்பதும் நன்று. எவ்வாறாயினும் பழைய கைத்தொலைபேசி இணைப்பை வெட்டிவிடவேண்டாம். இரண்டில் ஒன்று நிற்கும்.

விலையைச் சொல்லாமல் விடலாகாது. 2025இல் சேவை தொடங்கியபோது கருவியின் விலை 118,000 ரூபா. மாதக் கட்டணம் 12,000 ரூபாவும் அதற்கு மேலும். ஒளியிழை வடம் வாயிலுக்கு வரும் வீட்டார் இதனை நாடுவது வீண் செலவு என்பதே என் கருத்து. வடம் பெருவீதியோடு நின்று ஒழுங்கையுள் நுழையாத வீட்டாருக்கு, அதுவும் மாதந்தோறும் அத்தொகையைக் கட்ட வழியுள்ளவருக்கே இது பொருந்தும். தமக்கையாரின் மூத்த மகன் டொரன்டோவிலிருந்து மாதக் கட்டணத்தைப் பொறுப்பேற்றதனால்தான் அவர் துணிந்தார். அத்தகைய மகன் இல்லாத வீடுகள் அதே ஒழுங்கையில் ஏழு உண்டு. முன்னாளில் ஊர் வாசிகசாலையில் ஒரு வானொலிப் பெட்டி இருக்க, ஊர் முழுதும் அதைச் சுற்றி அமர்ந்து கேட்டது போல, இதையும் வாசிகசாலைக் கூரையில் ஒன்று வைத்தால் இருபது பிள்ளைகள் பாடம் கேட்கலாம். பொது இடங்களுக்குக் கட்டண முறை வேறு. அதை முதலில் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். வாசிகசாலை நிருவாகத்தாருக்கு இதை ஒருமுறை சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்கள்.

வளையல் இன்னும் அடைவில்தான் இருக்கிறது. பிள்ளை இப்போது மதிலடிக்குப் போவதில்லை. உள்ளறையில் மேசையிலிருந்து இரசாயனவியல் கற்கிறாள். பாடம் முடிந்து பத்து மணியானதும் தமக்கையார் படலையைச் சாத்திவிட்டு வந்து தட்டின் ஆளியையும் அணைத்துவிடுவார். காலை ஆறரைக்கு மீண்டும் போடுவார். டொரன்டோவில் அப்போது முந்திய நாள் இரவு. மகன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, தாயின் அழைப்புக்காகக் காத்திருப்பான்.