முப்பத்திரண்டு ரூபாயில் ஒரு நாள்

மாதக் கடைசியில் மளிகை டப்பாக்களைத் தட்டிப் பார்க்கிற நமக்குச் சிக்கனம் புதிதா என்ன? ஆனாலும் 2011-ல் இரண்டு இளைஞர்கள் போட்ட கணக்கைக் கேட்டால் நமக்கே மலைப்பாக இருக்கும்.

துஷார் வசிஷ்ட், மாத்யூ செரியன் இருவரும் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்கள். இந்தியாவில் சராசரி மனிதர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்க, பெங்களூரில் சின்ன அறை ஒன்றில் குடியேறி, வாடகை போக நாளுக்கு ஆளுக்கு 100 ரூபாயில் வாழ்ந்தார்கள். இறைச்சி கிடையாது, நெய் கிடையாது, ஓட்டல் கிடையவே கிடையாது. புரதச்சத்துக்குக் கைகொடுத்தது சோயா, அதாங்க, நம்ம மீல்மேக்கர். மலிவான பிஸ்கட்டின் மேல் வறுத்த வாழைப்பழத்தை வைத்துச் சாப்பிட்டதுதான் விருந்து! பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் கட்டுப்படியாகாது. குளிக்கும் சோப்பை இரண்டாக வெட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னது. நகரத்தில் தினம் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவு செய்கிறவர் ஏழை இல்லையாம். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று இருவரும் கேரளத்தில் மாத்யூவின் பூர்விக ஊரான கருகச்சாலுக்குப் போனார்கள். 26 ரூபாயில் சாப்பாட்டுக்கு ஒதுக்க முடிந்தது சுமார் 18 ரூபாய். புழுங்கலரிசிச் சோறு, ஒரு கிழங்கு, வாழைப்பழம், பாலில்லாத கட்டன் சாயா. அவ்வளவுதான். நாள் முழுக்க நினைப்பெல்லாம் சாப்பாட்டிலேயே இருந்ததாம். துணி துவைக்கிற சோப்பில்கூட மிச்சம் பிடித்தார்கள்.

கவனித்தீர்களா? காசு சுருங்கச் சுருங்க முதலில் போவது பாலும் பருப்பும் காய்கறியும்தான். சோறு வயிற்றை நிரப்பிவிடும். ரத்தம் ஊற அது மட்டும் போதாது.

இவர்களுக்குச் சில வாரம்தான், திரும்பிப் போக வீடும் இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி இதே 18 ரூபாயில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, பானையின் அடியில் இருப்பதை உண்கிறாளே, அவளை யார் கணக்கில் எடுத்தார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அவர்கள் எல்லாருமே பரம ஏழைகள் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

2014-ல் ரங்கராஜன் குழு அந்தக் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியது: நகரத்துக்கு 47 ரூபாய், கிராமத்துக்கு 32. சாப்பாடு, துணிமணி, மருந்து, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான்.